பழைய வண்டி, புது ஃபியூஸ் பாக்ஸ்: வாசகர் கேள்வி-பதில்

ஹெட்லைட் மங்கல், ஹாரன் கம்மல், மழை வந்தால் மௌனம். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எழுதும் கடிதங்களில் பாதி இந்த மூன்றில் அடங்கிவிடும். மூன்றுக்கும் பல நேரம் காரணம் ஒன்றுதான்: உள்ளங்கையில் அடங்கும் ஃபியூஸ் பாக்ஸ். இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கே: என் வண்டிக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். இத்தனை வருடம் உழைத்த ஃபியூஸ் பாக்ஸை இப்போது ஏன் மாற்ற வேண்டும்? (விழுப்புரம்)

ப: இத்தனை வருடம் உழைத்துவிட்டதே, அதனால்தான். கண்ணாடி ஃபியூஸை இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கும் பித்தளைக் கிளிப்புக்கு உயிரே அந்த இறுக்கம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி இறுக்கம் தளர்கிறது. தளர்ந்த இடுக்கில் ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு பூக்கிறது. களிம்பு கரண்ட்டைத் தடுக்கிறது. தடுத்த இடம் இன்னும் சூடாகிறது. சூடு கிளிப்பை இன்னும் தளர்த்துகிறது. ஒருமுறை தொடங்கினால் இது தானாக நிற்காது. ஃபியூஸைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் உங்கள் பாக்ஸ் அந்த வழியில் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள்.

கே: பார்வைக்குக் கிளிப் பளபளவென்று இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கரூர்)

ப: கண்ணுக்குத் தெரியாததை மல்டிமீட்டர் சொல்லும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள். ஃபியூஸ் பாக்ஸுக்குள் வரும் வயரின் நுனியில் உள்ள உலோக லக்கில் சிவப்பு முனை, வெளியே போகும் வயரின் லக்கில் கறுப்பு முனை. நல்ல பாக்ஸில் மீட்டர் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. அரை வோல்ட் காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு வோல்ட் காட்டினால் அன்றைக்கே கழற்றுங்கள்.

முனைகளை ஃபியூஸின் மூடியில் வைத்து ஏமாந்துவிடக் கூடாது. கிளிப்பையும் லக்கையும் சேர்த்துப் பின்பக்கம் ஒரு ரிவெட் அடித்திருப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் அந்த ரிவெட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் களிம்பைத் தொட முடியாது. லக்கிலிருந்து லக்குக்கு அளந்தால்தான் அதுவும் கணக்கில் வரும்.

ஒரு வோல்ட் பெரிதா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன். 12 வோல்ட்டில் 60 வாட் பல்ப் இழுப்பது 5 ஆம்பியர். கெட்டுப்போன கிளிப்பின் தடை 0.2 ஓம் என்று வையுங்கள். ஐந்தை 0.2ஆல் பெருக்கினால் ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்தது. அந்த ஒரு வோல்ட்டும் 5 ஆம்பியரும் சேர்ந்து 5 வாட் சூடு: டெயில் லாம்ப் பல்ப் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரியவிட்டது போல. வெளிச்சத்தில் விழும் அடி இன்னும் பெரிது. வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் ஒளி ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். ஹெட்லைட் போதவில்லை என்று புது பல்புக்குக் காசு செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பாருங்கள்.

கே: ஃபியூஸின் கம்பி அறுபடாமல் முழுசாகத் தெரிகிறது. ஆனால் கரண்ட் போகவில்லை. மாயமா? (பழனி)

ப: அதிர்வு. உள்ளே இருக்கும் இழையை இரண்டு மூடியோடும் ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அதிர்விலும் சூட்டிலும் அந்த ஒட்டு மூடிக்குள்ளேயே விட்டுவிடும், வெளியிலிருந்து தெரியாது. ஃபியூஸைக் கழற்றி மீட்டரில் வையுங்கள். கழற்றும்போதே மூடி தனியாகக் கையோடு வந்தால் மீட்டரும் வேண்டாம்.

கே: ராத்திரி நடுவழியில் ஃபியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுற்றி வண்டியை எடுக்கலாம் என்கிறார் நண்பர். செம்புக் கம்பி ஒரு இழை போட்டாலும் போதுமாம். (ஒசூர்)

ப: வெள்ளித் தாள் எத்தனை ஆம்பியரில் உருகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றை நம்பிப் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகும் வயரை விட்டுவைக்கக் கூடாது. செம்பு இழைக்காவது கணக்கு உண்டு: 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒற்றை இழை திறந்த வெளியில் சுமார் 7 ஆம்பியரில் உருகும். ஆனால் இருட்டில், அவசரத்தில் ஒற்றை இழையைப் பிரித்தெடுப்பவர் யார்? நான்கைந்து இழையைச் சேர்த்து முறுக்கித்தான் போடுவார்கள். வயர் தாங்கும் அளவைத் தாண்டிக் கரண்ட் வந்தாலும் அது அசையாது. சீட்டுக்கு அடியில் இரண்டு ஃபியூஸ் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. விலை ஒரு டீக்குள் அடங்கும்.

கே: அடிக்கடி ஃபியூஸ் போகிறது. 15க்குப் பதில் 30 போட்டேன். இப்போது போவதே இல்லை. சரிதானே? (ஈரோடு)

ப: சரியில்லை. இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் போய் அந்த முப்பதைக் கழற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. உங்கள் வயர் 15 ஆம்பியரைத் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி 15 வைத்தது. அங்கே 30 இருந்தால் கோளாறு வரும்போது முதலில் உருகப்போவது ஃபியூஸ் அல்ல, வயரின் தோல்.

அச்சிட்ட எண்ணைத் தொட்டவுடன் ஃபியூஸ் பட்டென்று போய்விடும் என்பதும் உண்மையில்லை. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை 11 ஆம்பியரில் 100 மணி நேரம் தாங்கும்படிதான் செய்கிறார்கள். 13.5 ஆம்பியர் போனால் பத்து நிமிடம் வரைகூட எடுத்துக்கொள்ளலாம். 20 ஆம்பியர் போனால்தான் ஐந்து நொடிக்குள் உருகும். இதே விகிதத்தை உங்கள் முப்பதுக்குப் போட்டுப் பாருங்கள். 33 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடலாம். 15க்கு அளவெடுத்த வயர் அதற்குள் கட்டோடு வெந்து, பக்கத்து வயரையும் சேர்த்துக்கொள்ளும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேடுவதுதான் வேலை.

கே: அந்த ஷார்ட்டைத் தேடித்தேடி ஒரு டப்பா ஃபியூஸ் காலி. வழி சொல்லுங்கள். (அதே ஈரோட்டிலிருந்து இன்னொருவர்)

ப: ஃபியூஸை வீணாக்காமல் தேடலாம். 12 வோல்ட் 21 வாட் பிரேக் லைட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் ஒட்டிக்கொள்ளுங்கள். போன ஃபியூஸை எடுத்துவிட்டு அதன் இரண்டு கிளிப்பிலும் இந்த வயர்களை மாட்டுங்கள். லைனில் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். அந்த பல்பே கரண்ட்டை இரண்டு ஆம்பியருக்குள் கட்டிவைத்துவிடுவதால் வயருக்குச் சேதமில்லை. இனி அந்த லைனின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வயரிங்கை ஒவ்வோர் இடமாக மெல்ல அசையுங்கள். எங்கே அசைக்கும்போது பல்ப் மங்குகிறதோ அணைகிறதோ, அங்கேதான் ஷார்ட்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஹேண்டில் திரும்பும் கழுத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் மடங்கி மடங்கித் தோல் உரியும் இடம் அது. அடுத்தது டேங்குக்கு அடி. பிறகு பின் மட்கார்டுக்குள் டெயில் லாம்புக்குப் போகும் வயர். தகட்டின் ஓட்டையில் ரப்பர் வளையம் விழுந்துவிட்டிருந்தால் தகட்டு விளிம்பே வயரை அறுத்திருக்கும்.

போன ஃபியூஸை உடனே தூக்கியெறியாமல் ஒருமுறை பாருங்கள். கண்ணாடி முழுக்கக் கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் நேரடி ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து நடுவில் மட்டும் இழை உருகியிருந்தால் சுமை கொஞ்சம் கொஞ்சமாக மிஞ்சியிருக்கிறது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு.

கே: மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதை வாங்குவது? (நாகர்கோவில்)

ப: பிளேடு ஃபியூஸ் பாக்ஸ். அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனம் 1976இல் கொண்டுவந்த வடிவம். இன்று காரிலும் லாரியிலும் அதுவே. தட்டையான இரண்டு கால்கள் இறுக்கமான பள்ளத்தில் முழு அகலத்துக்கும் உட்காருகின்றன. உருண்டை மூடியைக் கிளிப் ஓரிரு கோட்டில் மட்டும் தொடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: 5 வெளிர் பழுப்பு, 7.5 அடர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

நான்கு வழி அல்லது ஆறு வழி, மூடியோடு இருப்பதாக வாங்குங்கள். சாதாரண அளவா மினியா என்றால், பக்கவாட்டு இடம் கொஞ்சமாக உள்ள வண்டிக்கு மினி. மற்றபடி சாதாரண அளவே மேல், எந்த ஊர்ப் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோட்டில் புதிது கிடைக்கும். புதுப்பேட்டையில் கார்களிலிருந்து கழற்றிய பாக்ஸ்களும் கிடைக்கும். கழற்றியது வாங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஃபியூஸைச் செருகி இறுக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபியூஸை மட்டும் பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக, சீல் பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள். அச்சிட்ட அளவைப் பல மடங்கு தாண்டியும் உருகாத மட்டமான சரக்கு சந்தையில் உண்டு. உருகாத ஃபியூஸ் இருப்பதும் ஒன்றுதான், ஈரோட்டுக்காரரின் முப்பது இருப்பதும் ஒன்றுதான்.

கே: எந்த லைனுக்கு எவ்வளவு போடுவது? மெக்கானிக்கைக் கேட்டால் "எல்லாத்துக்கும் பதினஞ்சு போடு தம்பி" என்கிறார். (தேனி)

ப: நீங்களே கணக்குப் போடலாம். சுமையின் வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். அதை 0.75ஆல் வகுங்கள். வரும் எண்ணுக்கு அடுத்து மேலே கிடைக்கும் ஃபியூஸைப் போடுங்கள்.

ஹெட்லைட் 60 வாட், டெயில் லாம்ப், மீட்டர் பல்ப் எல்லாம் சேர்த்து 70 வாட் என்றால் 5.8 ஆம்பியர். 0.75ஆல் வகுத்தால் 7.8. ஆகவே 10. ஹாரன் சுமார் 3 ஆம்பியர், 21 வாட் பிரேக் லைட், ஒரு பக்கத்து இண்டிகேட்டர் 10 வாட் இரண்டு: மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் ஆறரைக்குள். அதற்கும் 10. பாயிண்ட் வைத்த வண்டியின் இக்னிஷன் காயில் 3 முதல் 4 ஆம்பியர். அதற்கு 7.5, தனி லைனில். மெயின் 20.

கணக்கு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். வயர் அந்த ஃபியூஸைத் தாங்குமா என்று பார்த்தால்தான் முடியும். முக்கால் ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருக்கு 10க்கு மேல் கூடாது. ஒன்றரை ஸ்கொயருக்கு 15. மெயினுக்கு 20 போடுவதாக இருந்தால் இரண்டரை ஸ்கொயர் இழுங்கள். சுமை அதிகமாகி வயர் மெலிந்திருந்தால் வயரை மாற்றுங்கள், ஃபியூஸை ஏற்றாதீர்கள்.

இக்னிஷனைத் தனியாகப் பிரிக்கச் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாக்ஸ் மாற்றுவதில் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான். ஒற்றை ஃபியூஸ் வண்டியில் பிரேக் லைட் வயர் எங்கோ உரசினால் எஞ்சின், ஹெட்லைட் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும், வளைவில் லாரி எதிரே வரும்போதுகூட. லைன்களைப் பிரித்துவிட்டால் பிரேக் லைட் இருக்கும் லைன் மட்டும் போகும். வண்டி ஓடும், முன்விளக்கு எரியும், நீங்கள் வீடு போய்ச் சேருவீர்கள்.

கே: மாட்டும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? என் வண்டி 12 வோல்ட், செல்ஃப் கிடையாது. (தஞ்சாவூர்)

ப: முதலில் பேட்டரியின் எர்த் பக்கத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது நெகட்டிவ். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால், பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாட்டும்போது எர்த் கடைசி.

கழற்றும் முன் பழைய பாக்ஸைப் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் ஒட்டுத்தாள் சுற்றி எண் எழுதுங்கள். பழைய வண்டியில் வயரின் நிறத்தை நம்ப முடியாது. இடையில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்களோ!

அடுத்து, பலர் தடுக்கி விழும் இடம். பிளேடு பாக்ஸில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் எல்லா ஃபியூஸுக்கும் உள்ளே வரும் பக்கம் ஒரே தகடு. ஒரு வயர் கொடுத்தால் போதும். இன்னொன்றில் ஒவ்வொரு ஃபியூஸுக்கும் இரண்டு முனையும் தனித்தனி. மெயின் ஃபியூஸுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் எப்போதும் வருகிறது. மற்றவற்றுக்குச் சாவி போட்ட பிறகுதான் வரும். இரண்டையும் ஒரே தகட்டில் மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் எல்லாம் உயிரோடு இருக்கும், காலையில் பேட்டரி இருக்காது. ஆகவே மெயினுக்குத் தனி ஹோல்டர். அதையும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பேட்டரிக்கும் மெயின் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயருக்குக் காவலே இல்லை. அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெயினிலிருந்து இக்னிஷன் சுவிட்ச், சுவிட்சிலிருந்து திரும்பி வரும் வயர் புது பாக்ஸின் தகட்டுக்கு, அங்கிருந்து லைன் லைனாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளை இந்த ஃபியூஸ் எதன் வழியாகவும் இழுக்காதீர்கள். அதில் பாயும் கரண்ட்டின் முன் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு நொடி நிற்காது.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டு, அந்த லைன் மட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மெயின் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். பேட்டரி விலகியதும் வோல்ட்டேஜ் எகிறி பல்பையும் மற்றதையும் எரித்துவிடலாம்.

கே: லக் அடிப்பதா, ஈயம் வைப்பதா? எங்கள் தெருவில் இதற்காகச் சண்டையே நடக்கிறது. (மதுரை)

ப: லக். ராட்செட் கிரிம்பிங் பிளையரால் அடித்த லக். ஈயம் வயருக்குள் ஊறிப்போய்ச் சற்று தூரம் வரை இழைகளை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்த இடத்தில் அதிர்வு வேலையைக் காட்டும். ஒவ்வோர் இழையாக அறுந்துகொண்டே வரும். கட்டிங் பிளையரால் நசுக்கிய லக்கும் பாதி லக்தான். அடித்த பிறகு கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது. மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஆர்.எக்ஸ். 100 ஓட்டும் இளைஞர்கள் இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி விடுகிறார்கள். நம் வெயிலில் அதன் பசை இளகி ஓடிவிடும்.

கே: ஆர்.எக்ஸ். 100 என்றதும் நினைவு வந்தது. என் வண்டியில் ஃபியூஸ் போய்விட்டது, வண்டி ஓடுகிறது, ஹெட்லைட்டும் எரிகிறது, ஹாரன் மட்டும் இல்லை. ஃபியூஸ் எதற்குத்தான் இருக்கிறது? (பொள்ளாச்சி)

ப: பேட்டரியை நம்பி இருப்பவற்றுக்கு மட்டும். உங்கள் வண்டியில் சி.டி.ஐ. இக்னிஷனும் ஹெட்லைட்டும் மேக்னெட்டோவிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சின் நின்றால் ஹெட்லைட் அணைவது அதனால்தான். ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் பேட்டரியின் பிள்ளைகள். இந்த வண்டிக்கு ஆறு வழி பாக்ஸ் வீண். நல்ல ரப்பர் மூடியோடு ஒரு பிளேடு ஹோல்டர் போதும், ஐந்து நிமிட வேலை. ஹாரன் மட்டும்தானே என்று அப்படியே ஓட்டாதீர்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் லைட்டும் தெரியாது.

கே: திருவொற்றியூர் தயாரிப்பு, காஸ்ட் அயர்ன் புல்லட். மேடு பள்ளத்தில் திடீரென்று எல்லாம் அணைந்து, தானாகவே திரும்ப வருகிறது. ஃபியூஸ் பாக்ஸை மாற்றியும் பார்த்துவிட்டேன். (வேலூர்)

ப: ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் பின்பக்க நட்டைப் பாருங்கள். பேட்டரியின் கரண்ட் அதன் வழியாகத்தான் வருகிறது. நட்டு தளர்ந்தால் ஃபியூஸ் போனதற்குரிய எல்லாக் குணமும் வரும், ஃபியூஸ் மட்டும் நன்றாக இருக்கும். சுத்தம் செய்து ஸ்பிரிங் வாஷர் வைத்து இறுக்குங்கள். அதோடு பேட்டரியின் எர்த் வயர் பாடியில் சேரும் இடம்: பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு மாட்டுங்கள்.

கே: அப்பாவின் யெஸ்டி 6 வோல்ட். கார் ஃபியூஸ் 12 வோல்ட்டுக்கானது அல்லவா, வேலை செய்யுமா? (கும்பகோணம்)

ப: தாராளமாக. ஃபியூஸை உருக்குவது ஆம்பியர். அதன்மேல் எழுதியிருக்கும் 32 வோல்ட் மேல் எல்லை மட்டுமே. உண்மையில் உங்கள் வண்டிக்குத்தான் இந்த மாற்றம் அதிகம் தேவை. அதே 35 வாட் பல்ப் 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் ஆறு. கெட்ட கிளிப்பில் ஒரு வோல்ட் போனால் மற்றவருக்குப் பன்னிரண்டில் ஒன்று. உங்களுக்கு ஆறில் ஒன்று. ஃபியூஸின் அளவைக் கணக்கிடும்போது வாட்டை 6ஆல் வகுக்க மறக்காதீர்கள்.

கே: பழைய பிரிட்டிஷ் டிரையம்ஃப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 35 ஆம்பியர் லூகாஸ் கண்ணாடி ஃபியூஸ். அதே 35க்கு பிளேடில் என்ன போடுவது? (உதகமண்டலம்)

ப: 35ஐ மறந்துவிடுங்கள். லூகாஸ் தன் கண்ணாடி ஃபியூஸில் அச்சிட்டது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். பிளேடு ஃபியூஸில் அச்சிடுவது தாங்கும் அளவு. ஆகவே வயரிங் பழையது என்றால் 15, புதிது என்றால் 20. இன்னொன்று: உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த்தாக இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாசிட்டிவ் பாடியில் இருந்தால் ஃபியூஸ் நெகட்டிவ் வயரில் வரும், கழற்றும்போது பாசிட்டிவை முதலில் எடுக்க வேண்டும்.

கே: எழுபதுகளின் ஹோண்டா சி.பி. 750. மூன்று கண்ணாடி ஃபியூஸ்: 15, 7, 5. பிளேடில் 7 கடையில் இல்லை என்கிறார்கள். (பெங்களூரு)

ப: 7.5 போடுங்கள், தாராளமாகப் பொருந்தும். அந்தப் பெட்டியில் முதலில் இளகுவது 15 ஆம்பியர் மெயினின் கிளிப்தான். மொத்தச் சுமையும் அதன் தலையில். பாக்ஸ் முழுவதையும் மாற்ற மனமில்லை என்றால் மெயினை மட்டுமாவது பிளேடு ஹோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

கே: அசல் தோற்றம் கெட்டுவிடுமே! என் வண்டியைக் கண்காட்சிக்கு எடுத்துப் போகிறவன் நான். (கோயம்புத்தூர்)

ப: பழைய பாக்ஸை அதன் இடத்திலேயே, கண்ணாடி ஃபியூஸோடு, வயர் இல்லாமல் விட்டுவையுங்கள். வேலை செய்யும் பிளேடு பாக்ஸ் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். கம்பெனி வயரிங்கை அறுக்காமல், பழைய லக்கில் போய்ச் செருகும்படி இடைவயர் செய்துகொண்டால் என்றைக்கு வேண்டுமானாலும் பழையபடி திருப்பலாம். பழைய வண்டியை அசலாக வைத்திருக்க உழைப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தீப்பிடிக்கக் கூடிய ஓர் உறுப்பை அசல் என்பதற்காக ஓடும் வண்டியில் வேலை வாங்குவதை என்னால் ஒப்ப முடியாது.

கே: கூடுதல் விளக்கு, போன் சார்ஜர் இரண்டும் வேண்டும். புது பாக்ஸில் காலி இடம் இருக்கிறது. மாட்டிவிடலாமா? (சேலம்)

ப: சார்ஜர், சரி. 10 வாட் சார்ஜர் ஒரு ஆம்பியரைக்கூட எட்டாது. 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கூடுதல் விளக்கு என்றால் ரிலே இல்லாமல் வேண்டாம். ரிலேயின் அடியில் எண் இருக்கும்: 30 ஃபியூஸிலிருந்து வரும் கரண்ட், 87 விளக்குக்கு, 86 சுவிட்சிலிருந்து, 85 எர்த். இதனால் பழைய ஹேண்டில் சுவிட்சின் மெல்லிய பித்தளை முனைகளில் பெரிய சுமை ஏறாது. ஆனால் ஃபியூஸ் பாக்ஸில் இடம் இருக்கிறது என்பதால் கரண்ட்டும் இருக்கிறது என்றாகிவிடாது. பழைய ஆல்டர்னேட்டர் கொடுப்பதற்கு ஓர் அளவு உண்டு. விளக்கைப் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, பேட்டரியில் வோல்ட்டேஜ் பாருங்கள். 13க்குக் கீழே இறங்கினால் அந்த விளக்கு இந்த வண்டிக்கு இல்லை.

கே: தூத்துக்குடி. கடற்காற்று. புது பாக்ஸும் ஒரு வருடத்தில் களிம்பு பிடித்துவிடாதா? (தூத்துக்குடியேதான்)

ப: மாட்டும் விதத்தில் இருக்கிறது. பாக்ஸைச் செங்குத்தாக, வயர்கள் கீழிருந்து உள்ளே வரும்படி வையுங்கள். ஒவ்வொரு வயரும் பாக்ஸுக்கு முன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயரோடு வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். ஃபியூஸ் காலில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் வைக்காதீர்கள். ஆசிட் ஆவி உப்புக் காற்றைவிடக் கொடியது. மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு ஃபியூஸையும் ஒருமுறை எடுத்துச் செருகினால் முனைகள் தாமே தேய்ந்து சுத்தமாகும்.

கே: நான் கல்லூரி மாணவி. அண்ணன் விட்டுச்சென்ற வண்டியை நானே சரிசெய்ய ஆசை. மெக்கானிக் அண்ணன், "இதெல்லாம் உனக்கெதுக்கும்மா" என்கிறார். முடியுமா? (திருநெல்வேலி)

ப: முடியும். நூல் கோத்துத் துணி தைக்கும் அளவு பொறுமை போதும், பலம் தேவையில்லை. மல்டிமீட்டர், கிரிம்பிங் பிளையர், இரண்டு நிறத்தில் ஒன்றரை ஸ்கொயர் வயர், மெயினுக்கு இரண்டரை, லக் ஒரு பாக்கெட். முதலில் வேண்டாத வயர்த் துண்டுகளில் லக் அடித்துப் பழகுங்கள், இழுத்தால் வராத அளவுக்கு. ஒரு விடுமுறை நாள் ஒதுக்குங்கள். முடித்ததும் லக்கிலிருந்து லக்குக்கு வோல்ட் அளந்து எண்ணை எனக்கு எழுதுங்கள், அடுத்த முறை அதோடு தொடங்குகிறேன். மெக்கானிக் அண்ணனிடமும் காட்டுங்கள், வேலையைப் பார்த்தால் அவரே பாராட்டுவார்.

கே: கடைசிக் கேள்வி என்னுடையதாக இருக்கட்டும். உபரி ஃபியூஸ் எத்தனை, எங்கே? (அரியலூர்)

ப: பாக்ஸில் உள்ள ஒவ்வோர் அளவிலும் இரண்டு, மூடியின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டி. எந்த இடம் எந்த லைன் என்று ஒரு சீட்டு எழுதி அதே மூடியில் ஒட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை சூட்டில் பரவிவிடும்.